பவர்பாயிண்ட் படவில்லைகளைக் காணொளியாக மாற்றும் முறை

தமிழ்மொழி விழா நிகழ்ச்சி ஒன்றுக்காகச் சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையைப் பற்றி நான் தயாரித்த படவில்லைகள், அரங்கத்துக் கணினியில் அதே தமிழ் எழுத்துரு இல்லாததால், வரிகள் கட்டத்துக்கு வெளியே வழிந்து காட்சியளித்தன. காணொளியில் எழுத்துகள் படமாகவே பதிந்துவிடுவதால் இந்தச் சிக்கல் எழாது. பவர்பாயிண்ட் இல்லாத கைப்பேசியிலும் அதைப் பார்க்கலாம்.

எழுத்துப்பிழைகளை முதலில் திருத்திவிடுங்கள். காணொளியான பிறகு ஓர் எழுத்தை மாற்ற வேண்டுமென்றாலும் மூலக் கோப்பைத் திருத்தி மீண்டும் மாற்றத்தான் வேண்டும்.

அடுத்தது குரல்பதிவு. பொறுமை தேவைப்படும் வேலை இதுதான். 'ஸ்லைடு ஷோ' பகுதியில் உள்ள 'ரெக்கார்ட்' பொத்தானை அழுத்தி, ஒவ்வொரு படவில்லையாகப் பேசிச் செல்லுங்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் நொடியில் பவர்பாயிண்ட் குரலைப் பதிவதில்லை என்பதால், பேசி முடித்ததும் சற்று நிறுத்தி, அடுத்த படவில்லை முழுமையாக வந்த பின்பே தொடங்க வேண்டும். நான் அவசரப்பட்டுப் பேசியதில் முதல் எழுத்து விழுங்கப்பட்டு, 'சிராங்கூன் சாலை' என்பது 'ராங்கூன் சாலை' என்று ஒலித்தது. அதே வட்டாரத்தில் ரங்கூன் சாலை என்றே ஒரு சாலை இருப்பதால், கேட்பவர்கள் இடத்தையே தவறாகப் புரிந்துகொள்வார்கள். குரல் ஒவ்வொரு படவில்லைக்கும் தனித்தனியாகச் சேமிக்கப்படுவதால், பிழையான ஒன்றை மட்டும் மறுபடி பதிந்தால் போதும்.

பிறகு 'ஃபைல்', 'எக்ஸ்போர்ட்', 'கிரியேட் எ வீடியோ' என வரிசையாகத் தேர்ந்தெடுங்கள். பெரிய திரைக்கு 1080பி தரமும், வாட்ஸ்அப்பில் அனுப்புவதற்கு 720பி தரமும் பொருத்தமானவை. பதிந்த குரலையும் நேரத்தையும் பயன்படுத்துமாறு கூறும் தெரிவு இயங்குகிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். குரல் இல்லாத படவில்லை ஒவ்வொன்றும் இயல்பாக 5 விநாடிகளே திரையில் நிற்கும். எட்டு வரித் தமிழை வாசிக்க அது போதாது என்பதால், 15 விநாடிகளாக உயர்த்துவதே நல்லது.

கோப்பு வகையாக எம்பி4-ஐத் தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். சாளரத்தின் அடியில் நகரும் பட்டை நிறைவடையும்வரை பவர்பாயிண்டை மூடக் கூடாது. முடிந்ததும் காதொலிப்பானை அணிந்துகொண்டு, காணொளியைத் தொடக்கம் முதல் இறுதிவரை ஒருமுறை கேளுங்கள். படவில்லையில் இருந்த இணைய இணைப்புகள் காணொளியில் இயங்க மாட்டா. ஆகவே தேவையான முகவரியைக் காணொளியுடன் அனுப்பும் செய்தியில் தனியாக எழுதிவிடுங்கள்.