இடிக்கும் முன் ஒரு மழை பாருங்கள்

புதுப்பிக்கப் பழைய கட்டடம் ஒன்று கைக்கு வந்தால் நான் உடனே வரைபடம் போட உட்காருவதில்லை. ஒரு மழையாவது பெய்யட்டும் என்று காத்திருப்பேன். மழை விட்டதும் உள்ளே போய், சுவரில் ஓதம், அதாவது ஈரக்கசிவு, எதுவரை பரவியிருக்கிறதோ அங்கே கரிக்கட்டியால் கோடு போட்டுத் தேதி எழுதுவேன். தரையிலிருந்து சீராக ஏறியிருந்தால் அது மண்ணின் ஈரம். மேலிருந்து இறங்கியிருந்தால் கூரை. நடுச்சுவரில் திட்டாக இருந்தால் பெரும்பாலும் குழாய்.

விரிசல்களுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டி வையுங்கள். சில மாதங்களில் அது உடைந்தால் கட்டடம் இன்னும் அசைகிறது. அப்போது அஸ்திவாரத்தைப் பார்க்காமல் பூச்சு வேலைக்குப் போகாதீர்கள்.

கான்கிரீட் என்றால் ஓரிடத்தில் புதிதாக உடைத்து, தூசியை ஊதிவிட்டு, காரத்தைக் காட்டும் பினாப்தலீன் கரைசலைத் தெளியுங்கள். இளஞ்சிவப்பானால், உள்ளே இருக்கும் கம்பியைத் துருவிலிருந்து காக்கும் காரத்தன்மை இருக்கிறது. நிறம் மாறாத பகுதி கம்பிவரை போயிருந்தால் கம்பிக்கு இருந்த காப்பு போய்விட்டது. அந்த இடத்தில் பொறியாளர் சொல்வதைத்தான் கேட்க வேண்டும், என் ஆசையை அல்ல.

நான் செய்த பெரிய தப்பு சுண்ணாம்புச் சுவரில்தான். ஓதத்தை மறைக்க சிமெண்ட் பூசினேன். ஓராண்டு பளபளப்பு. பிறகு ஈரம் வெளியேற வழியில்லாமல் பூச்சு முடியும் இடத்துக்கு மேலே ஏறித் தலைகாட்டியது. உள்ளே உப்பு பூத்து, செங்கல் முகம் பொடியாக உதிர்ந்தது. மொத்தத்தையும் கொத்தி எடுத்துச் சுண்ணாம்பே பூசினோம். சுவர் எதில் கட்டப்பட்டதோ, பூச்சும் அந்த இனமாக இருக்கட்டும்.

அறைகளை ஒதுக்கும்போது கட்டடம் சொல்வதைக் கேளுங்கள். புத்தக அலமாரி, தண்ணீர்த் தொட்டி போன்ற பாரமெல்லாம் கீழ்த்தளத்துக்கு. கழிவறை, பழைய வடிகால் இருக்கும் பக்கம். எதிரெதிர் சன்னல்களை அடைக்காதீர்கள். காற்று ஓடும் வழி அதுதான்.

எதையாவது இடித்தே ஆகவேண்டுமென்றால் சுத்தியலைவிடக் கடப்பாரை நல்லது. சுண்ணாம்புக் காரையில் கட்டிய செங்கல் முழுசாகக் கழன்று வரும், திரும்பக் கட்டலாம். சிமெண்ட் கலவை என்றால் கல்தான் முதலில் உடையும்.

இதெல்லாம் சின்ன வீட்டுக்குத்தான் என்று நினைத்தால், பிரான்சின் போர்தோ நகரில் 530 வீடுகள் கொண்ட அடுக்குமாடிகளைப் பாருங்கள். இடிக்காமல், குடியிருந்தவர்களையும் வெளியேற்றாமல், வெளிப்புறம் கண்ணாடித் தாழ்வாரங்களைச் சேர்த்து விரிவாக்கினார்கள். அதில் பங்கேற்ற கட்டடக் கலைஞர்கள் லக்காட்டன், வசால் இருவருக்கும் 2021இல் கட்டடக்கலையின் உயரிய விருதான பிரிட்ஸ்கர் விருது கிடைத்தது.