கடைப் பலகைக்கு அனுமதி வாங்கியது எப்படி: என் அனுபவம்

மருந்துக் கடைப் பலகைக்கு நகராட்சியில் கொடுத்த மனு, 'விதிப்படி இல்லை' என்ற ஒற்றை வரியோடு திரும்பி வந்தது. எந்த விதி? அதை நாமே தேட வேண்டுமாம்!

சிக்கல் இரண்டு. ஒன்று, எழுத்து. தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் விதிகள் 1948-இல் 15-ஆம் விதிப்படி தமிழ்தான் முதலில், பெரிதாக இருக்க வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிறமொழி என்றால் 5:3:2 என்ற அளவு. இதைக் கவனிப்பது தொழிலாளர் துறை. ஆனாலும் நகராட்சியிலும் கேட்டார்கள். டிசைனர் தம்பியோ ஆங்கிலத்தைத்தான் பெரிதாகப் போட்டிருந்தார். தமிழை மேலே ஏற்றி, ஆங்கிலத்தைச் சுருக்கச் சொன்னேன். பார்க்கவும் அதுதான் நன்றாக இருந்தது.

இரண்டாவது, நடைபாதைக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்த லைட் பெட்டி. அதை விட்டுவிட்டு, ஷட்டருக்கு மேல் சுவரோடு ஒட்டிய பலகையாக மாற்றினேன்.

அப்புறம் புது மனு. அளவு குறித்த வரைபடம், கட்டட முகப்புப் படம், சொத்துவரி ரசீது, வீட்டுக்காரரின் சம்மதக் கடிதம் எல்லாம் இணைத்தேன். கடிதம் வாங்குவதுதான் பெரும்பாடு. சுவரில் ஓட்டை போட்டால் மழைநீர் இறங்கும் என்று பயந்தார். காலி செய்யும்போது பூசித் தருவதாக எழுதிக் கொடுத்த பிறகே கையெழுத்துப் போட்டார்.

மனு கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அந்த எண்ணைச் சொன்ன பிறகுதான் இடத்தைப் பார்க்க ஆள் வந்தார், அனுமதியும் வந்தது.