கையெழுத்து போய் ‘பின்’ (PIN) வந்த பிறகு: கார்டு வைத்திருப்பவர்கள் செய்யும் தவறுகள்

கார்டைத் தேய்த்துவிட்டு ரசீதில் கையெழுத்துப் போட்ட காலத்தில், அந்தக் கையெழுத்தைக் கார்டின் பின்புறத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த காசாளர்கள் மிகச் சிலர். திருடனைத் தடுப்பதில் அது பலவீனமான பூட்டுதான். பிரான்சில் 1990-களின் தொடக்கத்திலேயே கார்டில் பதித்த சிப்பும், கையெழுத்துக்குப் பதிலாக அழுத்தும் ரகசிய எண்ணான பின்னும் வந்துவிட்டன. பிரிட்டனில் 2006 பிப்ரவரி 14 முதல் கடைகளில் பின் அழுத்துவது பொது விதியானது. அமெரிக்காவில் பெரிய கார்டு நிறுவனங்கள் 2018 ஏப்ரலில் கையெழுத்துக் கட்டாயத்தையே கைவிட்டன.

ஆனால் தகராறு என்று வந்தால் கையெழுத்து உதவியது. ‘இது நான் போட்டதில்லை’ என்றால் ரசீதை எடுத்து வைத்துப் பார்க்கலாம், ஒப்பிடலாம், வாதாடலாம். பின்னில் அந்த வசதி இல்லை. நீங்கள் அழுத்தினாலும் திருடன் அழுத்தினாலும் பதிவில் விழுவது ஒன்றுதான்: சரியான பின். அடுத்ததாக வங்கி கேட்பது, “யாரிடமாவது சொன்னீர்களா? எங்காவது எழுதி வைத்தீர்களா?” என்றுதான். நிரூபிக்கும் பொறுப்பு சத்தமில்லாமல் உங்கள் பக்கம் நகர்ந்துவிடுகிறது. பின் முறையில் எனக்கு இருக்கும் பெரிய குறை இதுவே. கீழே சொல்லும் தவறுகளில் பெரும்பாலானவை திருடனுக்கு வழி விடுவதோடு நிற்பதில்லை, ‘வாடிக்கையாளரின் கவனக்குறைவு’ என்று கோப்பில் எழுதவும் இடம் கொடுக்கின்றன.

கடைப் பின் வேறு, ஏடிஎம் பின் வேறு என்ற நினைப்பு

இரண்டும் ஒன்றே. முன்பு அந்த எண்ணை ஏடிஎம்மில் மட்டும் அழுத்தினோம். இப்போது மருந்துக் கடையிலும், ஓட்டலிலும், பெட்ரோல் போடும் இடத்திலும், வரிசையில் நிற்பவர்கள் முன்னால் அழுத்துகிறோம். கையெழுத்தை எட்டிப் பார்த்தவனுக்கு ஒரு கிறுக்கல்தான் கிடைத்தது. பின்னை எட்டிப் பார்ப்பவனுக்கு உங்கள் கணக்கிலிருந்து ரொக்கம் எடுக்கும் வழியே கிடைக்கிறது. பிறகு அவனுக்கு வேண்டியது கார்டு மட்டும். பார்த்தவன் அழுத்தும் இடத்தில் நிற்பான், அவன் கூட்டாளி வாசலில் பர்ஸை அடிப்பான்.

அதனால் மறைப்பதை ஒரு பழக்கமாக்க வேண்டும். மெஷின் கம்பியில்லாததாக இருந்தால் கையில் வாங்கி, உடம்போடு ஒட்டிப் பிடித்துக்கொள்ளுங்கள். மேசையில் பொருத்தியிருந்தால் இன்னொரு உள்ளங்கையைப் பட்டன்களுக்கு மேலே கூரைபோல் கவிழ்த்துக்கொள்ளுங்கள். பின்னால் நிற்பவரை முதுகால் மறைத்தால் போதாது, கேமரா தலைக்கு மேலேதான் இருக்கும். இரண்டு மூன்று விரல்களைப் பட்டன்கள்மேல் படர விட்டு, அவற்றில் ஒன்றால் மட்டும் அழுத்தினால், பார்ப்பவருக்கு எது அழுந்தியது என்று பிடிபடாது. காசாளர் தப்பாக நினைப்பாரோ என்று கூச்சப்படுபவர்கள் உண்டு. அவர் ஒரு நாளில் எத்தனையோ பேரைப் பார்க்கிறார், கண்டுகொள்ள மாட்டார்.

வாயால் சொல்வது

ஊழியர் மெஷினைக் கையில் வைத்துக்கொண்டு “பின் சொல்லுங்க” என்பார். அவசரத்தில் நாமும் சொல்லிவிடுவோம். அந்த நொடியிலேயே, பின்னை வெளியில் சொல்லாதவர் என்ற தகுதி போய்விடுகிறது. மெஷின்தான் உங்களிடம் வர வேண்டும். வராது என்றால் எழுந்து போய் அழுத்துங்கள், அல்லது ரொக்கம் கொடுங்கள். கார்டை ஊழியர் கண்மறைவாக எடுத்துப்போவதற்கும் இதே பதில்தான்.

தொகையைப் பார்க்காமல் அழுத்துவது

கையெழுத்துக்கு முன் அச்சிட்ட ரசீது கண்ணெதிரே இருந்தது. பின்னில் அந்த வேலையைச் சின்னத் திரை செய்கிறது. திரையில் தெரியும் தொகைக்கு நீங்கள் கொடுக்கும் ஒப்புதல்தான் பின். ஒரு பூஜ்யம் கூடியிருந்தாலும் அதற்கும் ஒப்புக்கொண்டதாகவே பொருள். தொகை தெரியாமல் பின் மட்டும் கேட்டால் நிறுத்துங்கள். “முதல் தடவை போகலை, மறுபடி போடுங்க” என்றால், முதல் முயற்சி தோற்றதற்கான சீட்டைக் கேளுங்கள், அல்லது வங்கியிலிருந்து எஸ்எம்எஸ் வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு அழுத்துங்கள்.

பிறந்த நாளைப் பின்னாக வைப்பது

ஏடிஎம்மை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் ஷெப்பர்ட்-பேரன் முதலில் ஆறு இலக்கம் வைக்க நினைத்தாராம். நான்குதான் நினைவில் நிற்கும் என்று அவர் மனைவி சொன்னதால் நான்காயிற்று. நான்கு இலக்கத்தில் 10,000 எண்கள்தான். அவற்றிலும் நாம் ஒரே இடத்தில் போய்க் குவிகிறோம். கசிந்த நான்கிலக்கக் கடவுச்சொற்களை 2012-ல் நிக் பெரி என்பவர் அலசியபோது, பத்தில் ஒன்றுக்கு மேல் 1234 ஆக இருந்தது. அதே ஆண்டு கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் போட்ட கணக்கு இன்னும் கவலை தருவது: பர்ஸில் பிறந்த தேதி இருந்தால், விவரமான திருடனால் 11 முதல் 18 பர்ஸ்களுக்கு ஒன்றில் பின்னை ஊகித்துவிட முடியும். ஓட்டுநர் உரிமம் கார்டுக்குப் பக்கத்து அறையிலேயே இருக்கிறதே! மூன்று தடவை தப்பாக அழுத்தினால் கார்டு முடங்கும் என்ற பாதுகாப்பு, முதல் ஊகமே சரியாக இருந்தால் எதற்கு?

திருமண ஆண்டு, வண்டி எண், செல்போனின் கடைசி நான்கு இலக்கம் எல்லாம் இதே ரகம். வங்கி அனுப்பிய பின்னை மாற்றாமல் வைத்திருப்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். நாமே தேர்ந்தெடுப்பதைவிட அது பெரும்பாலும் நல்ல எண். எல்லாக் கார்டுக்கும் ஒரே பின் வைப்பதும், அதைச் செல்போனில் ‘பின்’ என்றோ ஏதாவது மாமா பெயரிலோ சேமிப்பதும் வேண்டாம். செல்போனும் பர்ஸும் பெரும்பாலும் ஒன்றாகத்தான் திருடு போகும்.

சிப் இருக்கும்போது தேய்ப்பது

காந்தப் பட்டையில் இருப்பதைச் சின்னக் கருவியால் நகலெடுக்கலாம். அதோடு பின்னும் கிடைத்தால் போலிக் கார்டு தயார். சிப்பை அப்படி நகலெடுப்பது மிகக் கடினம். எனவே கார்டை மெஷினில் செருகுங்கள், அல்லது மெஷின்மேல் தட்டுங்கள். ‘சிப் வேலை செய்யல’ என்று கடைக்காரர் சட்டெனத் தேய்க்கப் போனால் இன்னொரு மெஷின் கேளுங்கள். தட்டிக் கட்டும்போது குறிப்பிட்ட தொகை வரை பின்னே கேட்காது. அந்த வரம்பை வங்கி செயலியில் குறைக்க முடிகிறதா என்று பார்த்து வையுங்கள்.

வயதானவர்களின் பின்

இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. கை நடுங்குபவர்களுக்கும், மறதி உள்ளவர்களுக்கும், பார்வை குறைந்தவர்களுக்கும் கையெழுத்து சுலபமாக இருந்தது. பட்டன் மெஷினில் 5-ன்மேல் ஒரு சின்னப் புள்ளி இருக்கும், தடவிப் பார்த்தே மற்ற எண்களைக் கண்டுபிடிக்கலாம். முழுத் தொடுதிரை மெஷினில் அந்தப் புள்ளியும் இல்லை. அதனால் அப்பா தன் பின்னை மகனிடமோ வேலைக்கு வருபவரிடமோ சொல்லிவிடுகிறார். அன்பில் சொன்னாலும் விதிமுறைப்படி அது மீறல்தான், பிறகு யார் பணம் எடுத்தாலும் வங்கியிடம் கேட்க முடியாது. சில நாடுகளில் இவர்களுக்கென்றே கையெழுத்து முறையில் இயங்கும் சிப் கார்டு தருகிறார்கள். வங்கியில் கேளுங்கள். இல்லையென்றால், உதவி செய்பவர் பெயரில் குறைந்த வரம்போடு துணைக் கார்டு வாங்குவது மேல்.

தலைகீழ்ப் பின் புரளி

மிரட்டிப் பணம் எடுக்கச் சொன்னால் பின்னைத் தலைகீழாக அழுத்துங்கள், போலீசுக்குத் தகவல் போகும் என்று ஒரு செய்தி பல வருடமாகச் சுற்றுகிறது. பொய். தப்பான பின் என்று மெஷின் சொல்லும், எதிரில் இருப்பவன் இன்னும் ஆத்திரப்படுவான். 2112 வைத்திருப்பவர் என்ன செய்வார்?

தகராறில் சும்மா ஒப்புக்கொள்வது

“பின் போட்டிருக்கு, நீங்கதான்” என்று வங்கி சொன்னதும் திரும்பி வந்துவிடுவது கடைசித் தவறு. 2010-ல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள், கார்டுக்கும் மெஷினுக்கும் நடுவே ஒரு கருவியைப் புகுத்தி, தப்பான பின்னை அழுத்தியே பணம் கட்டிக் காட்டினார்கள். கையெழுத்து முறை நடக்கிறது என்று கார்டு நம்பியது, பின் சரி என்று மெஷின் நம்பியது. ரசீதிலும் பின் சரிபார்க்கப்பட்டது என்றே அச்சாகி வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2015-ம் ஆண்டுப் பணப் பரிமாற்றச் சட்டமும், கார்டு பயன்பட்டதாகப் பதிவு இருப்பது மட்டுமே வாடிக்கையாளர் ஒப்புதல் கொடுத்ததற்குப் போதிய சான்றாகிவிடாது என்கிறது.

முதலில் கார்டை முடக்குங்கள், புகார் எண்ணை வாங்குங்கள். பிறகு எழுத்தில் கேளுங்கள்: சிப் படிக்கப்பட்டதா, காந்தப் பட்டையா? பின்னைச் சரிபார்த்தது கார்டா, வங்கியின் கணினியா? எந்த மெஷின், எத்தனை மணிக்கு? அந்த இடத்துக் கேமராப் பதிவைக் காப்பாற்றி வைக்கச் சொல்லி அன்றே கடிதம் கொடுங்கள். அவற்றின் மேல் சீக்கிரமே புதுப் பதிவு ஏறிவிடும்.