பால் காப்பி நிறத்தில் கிரவுன் ஆயில்: வெள்ளத்தில் நின்ற ஜீப்பை வீட்டு முற்றத்தில் சரிசெய்தது

2023 மார்கழி முதல் நாள் பெய்த மழையை எங்கள் பக்கம் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. பாபநாசம், மணிமுத்தாறு அணைத் தண்ணீரும் காட்டாற்றுத் தண்ணீரும் சேர்ந்து தாமிரபரணி கரை மீறிப் போனது. சேரன்மகாதேவியில் ஆற்றோரம் எங்கள் வாழைத் தோட்டத்துக் கொட்டகையில் ஜீப் நின்றுகொண்டிருந்தது. 1994 மாடல் மகிந்திரா எம்எம் 540. தோட்டத்துக்குள்ளிருந்து ரோட்டுக்கு வாழைத்தார் கொண்டுவர எங்களுக்கு அதுதான் வண்டி. வெள்ளம் வடிந்து போய்ப் பார்த்தால் சீட்டு வரைக்கும் வண்டல் கோடு போட்டிருந்தது.

பட்டறையில் விட்டேன். என்ஜின் வேலையை நன்றாகவே செய்தார்கள். "எல்லாம் பாத்தாச்சு அண்ணாச்சி" என்று சாவியைக் கொடுத்தார்கள். மாசி மாதம், வேகம் 40-ஐத் தொட்டாலே பின்னாலிருந்து ஊஊ என்று ஒரு சத்தம். பின் ஆக்சிலின் நடுவில் உருண்டையாக இருக்கிற பல்சக்கரப் பெட்டியைத்தான் கிரவுன் (டிஃபரன்ஷியல்) என்போம். அந்தப் பின் கிரவுனின் பிளக்கைக் கழற்றினேன். பாலை அதிகமாக ஊற்றிய காப்பி மாதிரி ஒழுகியது. தண்ணீரும் ஆயிலும் கலந்து இரண்டு மாதம் ஓடியிருக்கிறது. உள்ளே பினியன் என்கிற சின்னப் பல்சக்கரத்தைத் தாங்கும் பேரிங் துருப்பிடித்துக் குழி விழுந்திருந்தது. அந்த வேலைக்கு 18,000 ரூபாய் போனது. 500 ரூபாய் ஆயிலை மாற்றியிருந்தால் அந்தச் செலவே வந்திருக்காது. அதற்கப்புறம் முன் ஆக்சில், கியர்பாக்ஸ், முன் பின் ஆக்சில்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ், சக்கரங்கள் எல்லாவற்றையும் என் அக்கா மகனைத் துணைக்கு வைத்துக்கொண்டு வீட்டிலேயே பார்த்தேன். வயக்காட்டில் ஜீப் ஓட்டுகிறவர்கள், ஓடை தாண்டிப் போகிறவர்கள் எல்லோரும் இதைச் செய்யலாம்.

முதலில் என்ஜின். தண்ணீரில் நின்ற வண்டியில் சாவியைத் திருப்பவே கூடாது. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பேட்டரியின் நெகட்டிவ் வயரை முதலில் கழற்றுங்கள். ஏர் கிளீனரைத் திறந்து பாருங்கள். அங்கே வண்டல் இருந்தால் உள்ளேயும் தண்ணீர் போயிருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வண்டியில் இருப்பது பியூஜோ எக்ஸ்டிபி 4.90, 2112 சிசி டீசல் என்ஜின். நாலு ஹீட்டர் பிளக்கையும் கழற்றிவிட்டு, கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் மெதுவாக இரண்டு மூன்று சுற்று சுற்றினால், உள்ளே நிற்கிற தண்ணீர் அந்த ஓட்டை வழியாக வந்துவிடும். அப்புறம் என்ஜின் ஆயில், ஃபில்டர் எல்லாம் புதிது. டீசல் டேங்க்கில் தண்ணீர் அடியில் தங்கும், அதனால் அடி பிளக்கைக் கழற்றி முழுவதும் இறக்கிவிட வேண்டும். டீசல் ஃபில்டரையும் மாற்றி, கைப்பம்ப்பை அடித்து டீசல் குழாயில் நிற்கிற காற்றை எடுங்கள். செல்ப் மோட்டாரும் ஆல்டர்னேட்டரும் எலெக்ட்ரீஷியனிடம் போகட்டும்.

இனி வண்டிக்கு அடியில். அதற்குமுன் ஒரு எச்சரிக்கை. சில பழைய ஜீப்புகளில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தைப் பிடிக்காது, பின் ஆக்சிலுக்கு விசை கொண்டுபோகும் ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டைத்தான் பிடிக்கும். ஒரு பக்கப் பின் சக்கரத்தைத் தூக்கினால் டிஃபரன்ஷியல் வழியாக அந்தச் சக்கரம் சுற்றி, வண்டி உருண்டுவிடும். ஆகவே ஹேண்ட் பிரேக்கை நம்பாமல் தரையில் இருக்கிற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். எங்கள் முற்றம் செம்மண் தரை, ஜாக்கி அமுங்கும். இரண்டங்குலக் கனத்தில் பலகை போட்டு அதன்மேல்தான் ஜாக்கி வைத்தோம். தூக்கியதும் ஆக்சிலுக்கு அடியில் ஸ்டாண்டு வைத்துவிட வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி யாரும் வண்டிக்குள் தலையை விடாதீர்கள்.

கிரவுனில் இரண்டு பிளக் உண்டு. கீழே இறக்குகிற பிளக், மேலே ஊற்றுகிற பிளக். நான் மேல் பிளக்கில் ஸ்பேனரைப் போட்டதும் மருமகன் கேட்டான்: "என்ன மாமா, ஆயிலு எறக்கதுக்கு மேல பிளக்க எதுக்குக் கழத்துதீய?"

"எறக்கிட்டு மேல பிளக்கு வரலன்னா எப்படிலே ஊத்துவ?" என்றேன்.

இந்த வரிசையை எப்போதும் மாற்றாதீர்கள். வருஷக்கணக்காகத் திறக்காத மேல் பிளக் துருவேறி இறுகியிருக்கும். முதல் நாள் ராத்திரியே துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து வையுங்கள்.

கீழ் பிளக்கைத் தளர்த்தும்போது முதலில் வருவதைக் கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். தெளிந்த தண்ணீர் முதலில் வந்து பின்னால் கறுப்பாக ஆயில் வந்தால், தண்ணீர் இன்னும் கலக்கவில்லை, பேரிங் தப்பியிருக்க வாய்ப்பு அதிகம். பால் காப்பி நிறத்தில் வந்தால் கலந்து ஓடியிருக்கிறது. பிளக்கில் காந்தம் இருந்தால் அதில் ஒட்டியிருப்பதை விரலில் தேய்த்துப் பாருங்கள். மை மாதிரி வழுவழுப்பாக இருந்தால் சாதாரணத் தேய்மானம். நறநற என்று துகள் பட்டால் பின் மூடியைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும். எங்கள் முன் ஆக்சிலில் முதல் டம்ளர் அளவு தெளிந்த தண்ணீராகவே வந்தது. முன் சக்கரங்களுக்கு விசை தரும் முன் கியரை அந்த இரண்டு மாதமும் போடாமல், சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பையும் ஆக்சிலோடு சேராமல் ஃப்ரீயில் விட்டிருந்ததால் கலங்காமல் நின்றிருக்கிறது.

ஒரு தடவை மாற்றினால் போதாது. விலை குறைந்த 90 நம்பர் கியர் ஆயிலை ஊற்றி, ஏழெட்டுக் கிலோமீட்டர் ஓட்டி, சூட்டோடு இறக்குங்கள். காப்பி நிறம் போகும்வரை இதைச் செய்துவிட்டுத்தான் நல்ல ஆயில் ஊற்ற வேண்டும். கிரவுனுக்கு ஜிஎல்-5 ரகம், கியர்பாக்ஸுக்கு ஜிஎல்-4. கடையில் "ரெண்டும் 90தான்" என்று ஒரே டின்னைத் தருவார்கள், வாங்காதீர்கள். ஜிஎல்-5-இல் இருக்கும் ரசாயனம் கியர்பாக்ஸின் பித்தளை வளையங்களைக் கெடுக்கக்கூடும். ஊற்றும் அளவுக்குக் கணக்கு வேண்டாம், வண்டி சமதரையில் நிற்க, மேல் ஓட்டை வழியாக வழியத் தொடங்கினால் போதும். பழைய ஆயிலைக் கேனில் சேர்த்து, வாங்குகிறவர்களிடம் கொடுத்துவிடுங்கள். எங்களுக்குக் கன்னடியன் கால்வாய்த் தண்ணீர்தான் வயலுக்குப் போகிறது. அதில் ஒரு சொட்டு விழக்கூடாது.

சரி, மூடியிருக்கிற கிரவுனுக்குள் தண்ணீர் எப்படிப் போகிறது? ஆக்சில் குழாயின் மேல் சுண்டுவிரல் நுனி அளவில் பிரீதர் என்று ஒன்று இருக்கும். ஓடும்போது சூடாகி விரிகிற காற்று அது வழியாக வெளியேறும். சூடான எவர்சில்வர் டப்பாவை இறுக மூடிக் குளிர்ந்த தண்ணீரில் வைத்தால் மூடி திறக்க வராது, உள்ளே அப்படி இழுத்துப் பிடிக்கும். ஓடிச் சூடான ஆக்சில் ஓடைத் தண்ணீரில் இறங்கும்போதும் அதேதான், பிரீதர் வழியாகவோ ஆயில் சீல் வழியாகவோ தண்ணீரை உறிஞ்சிவிடும். வெள்ளம் வர வேண்டும் என்றில்லை, முழங்கால் ஓடையே போதும்.

ஆகவே வயக்காட்டு ஜீப்புக்கு நான் சொல்லுகிற முதல் மேம்பாடு பிரீதரை உயர்த்துவதுதான். பழைய பிரீதரைக் கழற்றிக் கையோடு கொண்டுபோய், மரை பொருந்துகிற மாதிரி ஹோஸ் மாட்டும் நிப்பிள் கடைந்து வாங்குங்கள். எனக்குத் திருநெல்வேலி பேட்டையில் ஒரு லேத்தில் அரை மணி நேரத்தில் செய்து தந்தார்கள். அதில் 8 மில்லிமீட்டர் டீசல் ஹோஸ் மாட்டி, கிளிப் போட்டு, சேசிஸ் ஓரமாகவே கொண்டுபோய் பானெட்டுக்குள், என்ஜினுக்கும் டிரைவருக்கும் நடுவில் தடுப்பாக நிற்கிற ஃபயர்வாலின் உச்சியில் கட்டுங்கள். நுனியைக் குடைக் கைப்பிடி மாதிரி கீழ்நோக்கி வளைத்து, சின்ன ஃபில்டர் ஒன்று சொருகினால் தூசியும் போகாது. ஆக்சில் மேலும் கீழும் ஆடும் என்பதால் அந்த இடத்தில் ஒரு முழம் தளர்வு விடுங்கள். வழியில் எங்கேயும் தொட்டில் மாதிரி தொங்கக்கூடாது, பள்ளத்தில் ஈரம் தேங்கி அடைத்துக்கொள்ளும். சைலன்சர் குழாய்க்கு ஒரு சாண் தள்ளியே போகட்டும். இரண்டு ஆக்சிலுக்கும் சேர்த்து எனக்கு 700 ரூபாய் ஆனது.

இதைச் செய்யாமல், என்ஜினுக்குக் காற்றை உயரத்திலிருந்து எடுக்கிற ஸ்நார்க்கல் குழாய் மட்டும் மாட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. என்ஜின் மூச்சு விடும், கிரவுன் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும். முன்னால் இடிதாங்கி மாதிரி இரும்பு கார்டு (கிராஷ் கார்டு) மாட்டுவதும் வேண்டாம். கிராஷ் கார்டுகளுக்கு எதிராக 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. இடிபடுகிற ஆளுக்கும் அது ஆபத்து.

கடைசியாகச் சக்கரம். பிரேக் டிரம்மில் இருக்கிற வண்டலைக் காற்றடித்து ஊதாதீர்கள், பழைய லைனிங் தூசி நுரையீரலுக்கு ஆகாது, தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். பிரேக் ஆயிலையும் முழுவதும் மாற்றிவிடுங்கள். வீல் பேரிங்கை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பிரஷ்ஷால் தேய்த்து, பனியன் வேஸ்ட்டால் துடைத்துக் காயவிட்டு, ஒவ்வொரு ரோலராக வெயிலில் திருப்பிப் பாருங்கள். நீலம் பாய்ந்திருந்தாலோ, நகத்தில் தட்டுகிற மாதிரி குழி இருந்தாலோ தூரப் போடுங்கள். நல்லதாக இருந்தால், இடது உள்ளங்கையில் எலுமிச்சை அளவு வீல் பேரிங் கிரீஸை வைத்து, பேரிங்கின் அகலமான பக்கத்தைக் கையோடு அழுத்தி அழுத்தி இழுக்க வேண்டும். மறுபக்கம் ரோலர்களுக்கு நடுவே கிரீஸ் புழுப் புழுவாக எட்டிப் பார்க்கும். சுற்றிலும் அப்படி வரும்வரை விடக்கூடாது. மேலே பூசினால் ஒரு மாதம்கூடத் தாங்காது. மாட்டும்போது ஆயில் சீல் புதிது போடுங்கள். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே உள் நட்டை இறுக்கி, சக்கரம் பிடிக்கத் தொடங்கியதும் ஆறில் ஒரு பங்கு சுற்று பின்னால் விட்டு, லாக் வாஷரை மடக்கிவிடுங்கள். மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் இருக்கக்கூடாது, கையால் சுற்றினால் தாராளமாகச் சுற்ற வேண்டும். 20 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நான்கு ஹப்பையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் அதை மறுபடி தளர்த்த வேண்டும்.

100 கிலோமீட்டர் ஆனதும், ராத்திரி முழுவதும் நின்ற வண்டியில், காலையில் கிளப்புவதற்கு முன்னால் கிரவுனின் கீழ் பிளக்கை அரைச் சுற்று தளர்த்தி முதல் சொட்டுகளைப் பாட்டில் மூடியில் பிடியுங்கள். தண்ணீர் இருந்தால் அதுதான் முதலில் வரும். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் இதை நான் வருஷா வருஷம் செய்கிறேன். போன முறை மூடியில் விழுந்தது தேன் நிறத்தில் இருந்தது. பிளக்கை இறுக்கிவிட்டு, தார் ஏற்றக் கிளம்பினோம்.