விளம்பரம் சொன்னது ஒன்று, வந்தது ஒன்று: நுகர்வோர் புகார் எழுதும் முறை

இந்தியாவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ஐ ஒட்டிய விளக்கம் இது. பில் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன்.

1. வாக்கியத்தைப் பிடியுங்கள். ஹெட்ஃபோன் விளம்பரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். "ஈடு இணையற்ற ஒலி" என்பது வெறும் புகழ்ச்சி. அதை வைத்து வழக்கு நிற்காது. "ஒருமுறை சார்ஜ் செய்தால் 40 மணி நேரம்" என்பது அளந்து பார்க்கக்கூடிய வாக்குறுதி. பிரிவு 2(20) சொல்லும் வெளிப்படையான உத்தரவாதம் இதுதான். வாரன்டி கார்டில் அச்சாகியிருக்க வேண்டும் என்பதில்லை.

2. பக்கத்தைச் சேமியுங்கள். ஸ்கிரீன்ஷாட்டைவிட முழுப் பக்க பிடிஎஃப் மேல். இணைய முகவரியும் தேதியும் அதில் தெரிய வேண்டும். நிறுவனத்துக்கு உங்கள் நோட்டீஸ் போன பிறகு பக்கத்தையே மாற்றிவிடுவார்கள், அதனால் இதை முதலில் முடியுங்கள்.

3. நட்சத்திரக் குறியைப் படியுங்கள். "50% ஒலியளவில்" என்று கீழே பொடி எழுத்தில் இருக்கலாம். பயப்பட வேண்டாம். தவறாக வழிநடத்தும் விளம்பரங்களைத் தடுக்க வந்த 2022-ஆம் ஆண்டின் வழிகாட்டுதல்களின்படி, விளம்பரம் எந்த மொழியிலோ பொறுப்புத்துறப்பும் (இப்படிப்பட்ட பொடி எழுத்துக் குறிப்பும்) அதே மொழியில் இருக்க வேண்டும். முக்கியமான தகவலை மறைக்க அதைப் பயன்படுத்தக் கூடாது. தமிழ் விளம்பரத்துக்கு ஆங்கிலத்தில் அடிக்குறிப்பு போட்டிருந்தால் புகாரில் தனிப் பத்தியாக எழுதுங்கள்.

4. எந்தப் பிரிவு? பலர் சறுக்கும் இடம். பிரிவு 84 கவர்ச்சியானது: உத்தரவாதத்துக்குப் பொருள் பொருந்தாவிட்டால், அலட்சியம் இல்லை என்று நிரூபித்தாலும் தயாரிப்பாளர் தப்ப முடியாது. ஆனால் அது பொருளால் வந்த காயம், பிற சொத்துச் சேதம் போன்றவற்றுக்கு. பொருளுக்கே நேர்ந்த கேடு, பிரிவு 2(22)-இன்படி, அந்தக் கணக்கில் சேராது. பணம் திரும்ப வேண்டுமா? 2(10)-இன் குறைபாடு, 2(47)-இன் நியாயமற்ற வணிக முறை, இவற்றின் கீழ் கேளுங்கள். போதிய சோதனை இல்லாமல் ஆயுளுக்கோ செயல்திறனுக்கோ உத்தரவாதம் தருவதும் 2(47)-இல் அடங்கும். சோதித்தோம் என்று நிறுவனம் சொன்னால், அதை நிரூபிப்பது அவர்கள் பாடு.

5. நோட்டீஸ், பிறகு புகார். 15 நாள் கெடு வைத்து மின்னஞ்சலிலும் ஸ்பீட் போஸ்டிலும் அனுப்புங்கள். பதில் வராவிட்டால், நுகர்வோர் ஆணையங்களுக்கான இணையதளமான இ-ஜாக்ரிதியில் தாக்கல் செய்யலாம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையமே போதும். கட்டணம், கொடுத்த விலையைப் பொறுத்தது, கேட்கும் இழப்பீட்டை அல்ல. 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமே இல்லை. புகார் தாக்கல் செய்யக் கெடு 2 ஆண்டு. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழைப்பது சமரச முயற்சி மட்டுமே. அந்த 2 ஆண்டுக் கெடு அதற்காக நிற்காது.