பழைய எஃப்-150 ஐடிலிங்கில் உதறுகிறதா? எரர் கோடு (code) படித்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

சிக்னலில் நின்றால் ஸ்டீயரிங் நடுங்குகிறது. ஆர்பிஎம் முள் ஓரிடத்தில் நிற்காமல் ஆடுகிறது. வண்டியை எடுத்துவிட்டால் ஓரளவு சரியாகிவிடுகிறது, ஆனால் செக் எஞ்சின் லைட் மட்டும் அணைவதில்லை. அமெரிக்காவில் பழைய பிக்கப் டிரக் வைத்திருப்பவர்களுக்கு நன்கு பழகிய தொல்லை இது. 1999 முதல் 2003 வரை வந்த ஃபோர்டு எஃப்-150, 5.4 லிட்டர் வி8 பெட்ரோல் எஞ்சினை வைத்து விளக்குகிறேன். உங்களுடையது வேறு வண்டி என்றாலும் தேடும் முறை இதுதான். பாகங்கள் இருக்கும் இடமும் சிலிண்டர் எண்களும்தான் மாறும்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். கோடு என்பது வண்டியின் கம்ப்யூட்டர் கவனித்த அறிகுறிக்கு அது போடும் எண். எந்தப் பாகம் கெட்டுப்போனது என்று அது சொல்வதில்லை. பி0171 (காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்ற கோடு) வந்ததும் எக்ஸாஸ்டில் இருக்கும் ஆக்சிஜன் சென்சரை வாங்கி மாட்டுகிறவர்கள் நிறையப் பேர். பெரும்பாலும் அந்தச் சென்சர் உள்ளதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கும்.

1. சரியான ஸ்கேனர்

அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்து கார்களுக்கும் சிறிய டிரக்குகளுக்கும் ஓபிடி-2 (கோளாறுகளைப் பதிவுசெய்து ஸ்கேனருக்குச் சொல்லும் பொது முறை) கட்டாயம். ஸ்டீயரிங்குக்குக் கீழே டேஷ்போர்டு ஓரத்தில் 16 பின் சாக்கெட் இருக்கும். கோடு மட்டும் காட்டும் ரீடர் போதாது. எஞ்சின் ஓடும்போதே லைவ் டேட்டா காட்டுவதாக வாங்குங்கள். புளூடூத் அடாப்டர் வாங்கினால் இன்னொன்றையும் பாருங்கள். இந்த வருட ஃபோர்டுகள் ஜே1850 பிடபிள்யூஎம் என்ற பழைய முறையில் பேசுபவை. இந்த அடாப்டர்களில் இருக்கும் ஈஎல்எம்327 சிப்பின் மிக மலிவான நகல்கள் பலவற்றுக்கு அது வராது. ஸ்கேனருக்கு உயிரே வரவில்லை என்றால் சிகரெட் லைட்டர் ஃப்யூஸைப் பாருங்கள். பல ஃபோர்டு வண்டிகளில் இரண்டுக்கும் ஒரே ஃப்யூஸ்தான்.

2. படியுங்கள், எழுதுங்கள், அழிக்காதீர்கள்

சாவியை ஆனில் வைத்து, பதிவான கோடு, பெண்டிங் கோடு (இன்னும் உறுதியாகாதது) இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று ஒரு பகுதி இருக்கும். கோடு விழுந்த அந்த நொடியில் ஆர்பிஎம் எவ்வளவு, எஞ்சின் சூடு எவ்வளவு, லோடு எவ்வளவு என்று அதில் பதிவாகியிருக்கும். கோடுகளை அழித்தால் இதுவும் போய்விடும். கம்ப்யூட்டர் கற்றுவைத்த பெட்ரோல் கணக்கும் சேர்ந்து போகலாம்.

லைட் நிலையாக எரியாமல் விட்டுவிட்டு மின்னினால் வண்டியை மேற்கொண்டு ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து, அதை உருக்கிவிடும். அந்தச் செலவு பெரியது.

3. மிஸ்ஃபயர் கோடு இருந்தால் முதலில் அது

சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் விடுவதுதான் மிஸ்ஃபயர், அதாவது மிஸ்ஸிங். பி0300 என்றால் பல சிலிண்டர்களில் மாறிமாறி மிஸ்ஸிங். பி0301 முதல் பி0308 வரை என்றால் கடைசி எண்தான் சிலிண்டர் எண். இந்த எஞ்சினில் பயணி பக்கம் முன்னிருந்து பின்னாக 1, 2, 3, 4. டிரைவர் பக்கம் அதேபோல 5, 6, 7, 8.

பி0303 வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் நன்றாக ஆறட்டும். ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்கின் தலையிலும் அதற்கு மின்சாரம் தரும் ஒரு காயில் உட்கார்ந்திருக்கும், 7 மி.மீ. சாக்கெட்டில் ஒரு போல்ட், ஒரு வயர் சாக்கெட், அவ்வளவுதான். 3வது காயிலையும் 2வது காயிலையும் இடம் மாற்றுங்கள். கோடை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். இப்போது பி0302 வந்தால் காயில்தான் குற்றவாளி. மறுபடியும் பி0303 வந்தால் பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று அந்தச் சிலிண்டரிலேயே தேட வேண்டும். காசே செலவில்லாத சோதனை இது.

காயிலைத் தூக்கும்போது பிளக் குழிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். தண்ணீரோ கூலண்டோ தேங்கியிருந்தால் காயிலின் ரப்பர் உறை வழியாகவே ஸ்பார்க் கசிந்துவிடும். பிளக்கைக் கழற்றும் முன் குழியைக் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். இந்த எஞ்சினின் அலுமினிய ஹெட்டில் பிளக் பிடிக்கும் மரை மிகக் குறைவு. பிளக் மரையோடு பிய்த்துக்கொண்டு வெளியே வந்த வண்டிகள் உண்டு. அதனால் சூட்டில் கழற்றாதீர்கள், கையால் திருகித் தொடங்குங்கள், டார்க் ரெஞ்ச் வைத்து முடியுங்கள். பிளக் முனை இடைவெளி 1.3 முதல் 1.4 மி.மீ.

4. ஃப்யூயல் ட்ரிம்

பி0171 என்றால் பேங்க் 1 லீன், பி0174 என்றால் பேங்க் 2 லீன். காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று பொருள். 1வது சிலிண்டர் இருக்கும் பக்கம்தான் பேங்க் 1. மிஸ்ஃபயரை முதலில் பார்க்கச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது: எரியாத சிலிண்டர் ஆக்சிஜனை அப்படியே சைலன்சர் குழாயில் தள்ளும். சென்சர் அதையும் லீன் என்றுதான் படிக்கும்.

எஞ்சின் முழுச் சூட்டுக்கு வந்ததும் லைவ் டேட்டாவில் ஷார்ட் டெர்ம், லாங் டெர்ம் ட்ரிம் (கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம்) இரண்டையும் திறந்து கூட்டுங்கள். கூட்டல் குறியோடு வந்தால் கம்ப்யூட்டர் கூடுதல் பெட்ரோல் ஊற்றுகிறது. பொதுவாக 10 சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை. முதலில் ஐடிலிங்கில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு 2500 ஆர்பிஎம்மில் அரை நிமிடம் பிடித்து மறுபடி குறியுங்கள்.

ஐடிலிங்கில் +22, 2500ல் +5 என்று வந்தால் வேக்குவம் லீக், அதாவது ஓட்டை வழியாகக் கணக்கில் வராத காற்று உள்ளே போகிறது. ஐடிலிங்கில் த்ராட்டில் (காற்று வழியைத் திறந்து மூடும் தகடு) கிட்டத்தட்ட மூடியிருப்பதால் எஞ்சின் குடிக்கும் காற்றே கொஞ்சம். அதில் ஓட்டை வழியாக வரும் காற்று பெரிய பங்கு. ஆர்பிஎம் ஏறினால் மொத்தக் காற்று கூடும், ஓட்டைக் காற்றின் பங்கு சுருங்கும். தலைகீழாக, ஆர்பிஎம்மும் லோடும் ஏற ஏற ட்ரிம்மும் ஏறினால் பெட்ரோல் பக்கமோ உள்ளே வரும் காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ சென்சரோ சரியில்லை. ஒரே பேங்க் மட்டும் ஏறினால் அந்தப் பக்கத்து இன்டேக் கேஸ்கட்டையும், சென்சருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் கசிகிறதா என்பதையும் பாருங்கள்.

5. ஓட்டையைத் தேடுவது

இரண்டு பேங்கும் ஐடிலிங்கில் லீன் என்றால் இந்த வண்டியில் நான் முதலில் கை வைக்கச் சொல்லும் இடம் த்ராட்டில் பாடிக்குப் பின்புறம் வளைந்து போகும் பிசிவி (எஞ்சினுக்குள் சேரும் ஆயில் ஆவியை இன்டேக்குக்குத் திருப்பும் வழி) ரப்பர் எல்போ. மேலிருந்து பார்த்தால் நன்றாகத்தான் தெரியும். எஞ்சினை நிறுத்தி, கையைப் பின்னால் விட்டு வளைவின் அடிப்பக்கத்தைத் தடவுங்கள். ஆயில் ஆவியில் ஊறிய ரப்பர் பிசுபிசுவென்று தொய்ந்திருக்கும். அழுத்தினால் விரலே உள்ளே போகும் அளவுக்குக் கிழிந்திருக்கும், அல்லது உறிஞ்சப்பட்டு மடிந்து கிடக்கும். மாற்றுவதற்கு ஆகும் செலவு சொற்பம்.

அது நன்றாக இருந்தால் மற்ற வேக்குவம் ஹோஸ்களைப் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது பார்ப்பதானால் திறந்த வெளியில் செய்யுங்கள். ஹேண்ட்பிரேக் போட்டு, ஃபேன் பெல்ட்டுக்குப் பக்கத்தில் கையோ சட்டையோ போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கார்ப் கிளீனர் அடித்துப் பார்க்கும் வழக்கம் உண்டு. சூடான எக்ஸாஸ்ட் மேல் பட்டால் தீப்பிடிக்கும், புதியவர்களுக்கு வேண்டாம். ஒர்க்‌ஷாப்பில் ஸ்மோக் டெஸ்ட் செய்தால் புகை வரும் இடத்தைக் கண்ணாலேயே காணலாம்.

6. மற்றவை

ஏர்ஃப்ளோ சென்சருக்கென்றே விற்கும் ஸ்ப்ரேயால் மட்டும் அதைச் சுத்தம் செய்து, காயவிட்டு மாட்டுங்கள். உள்ளே இருக்கும் கம்பியைத் தொடவே கூடாது. பெட்ரோல் ஃபில்டர் அடியில் சேஸிஸ் ஓரமாக இருக்கிறது. லைனில் பிரஷரை இறக்காமல் கழற்றாதீர்கள். கோடே இல்லாமல் ஐடிலிங் மட்டும் ஏறி இறங்கினால் த்ராட்டில் பாடியில் படிந்த கரியும் ஐடில் ஏர் வால்வும் சந்தேகத்துக்குரியவை.

7. சரியானதா என்று பார்ப்பது

பழுது முடிந்தபின் கோடுகளை அழித்து, குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்வதிலிருந்து நெடுஞ்சாலை ஓட்டம் வரை சில நாட்கள் ஓட்டுங்கள். ட்ரிம்மை அதே இரண்டு இடங்களில் மறுபடி எடுத்துப் பழைய எண்களோடு ஒப்பிடுங்கள். பெண்டிங் கோடு பக்கத்தையும் திறந்து பாருங்கள். லைட் எரிவதற்கு முன்பே பிரச்சினை அங்கே தலைகாட்டும். புகைப் பரிசோதனைக்குப் போக வேண்டியிருந்தால் ரெடினெஸ் மானிட்டர்கள் (கம்ப்யூட்டர் தானே செய்யும் சோதனைகள்) முடிந்துவிட்டனவா என்று ஸ்கேனரில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். நேற்று கோடை அழித்துவிட்டு இன்று போனால் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.