முதலில் காணி உறுதியைப் பாருங்கள்

உங்கள் உதைபந்தாட்டக் கழகத்தில் சம்பளம் பிந்துகிறது. பழைய பயிற்சியாளர் வழக்குப் போடப்போகிறார் என்று கதை. மைதானத்தை விற்கப் பார்க்கிறார்கள் என்று இன்னொரு கதை. "அரசாங்கம் என்ன செய்கிறது?" என்று பக்கத்தில் நிற்பவர் கத்துகிறார், நீங்களும் கத்துகிறீர்கள். அடுத்த நாள் காலையில் என்ன செய்வது என்பதுதான் இங்கே விசயம்.

நான் இங்கிலாந்தின் வடக்கில் ஒரு சின்ன உதைபந்தாட்டக் கழகத்தின் ரசிகன். பத்தொன்பது வருசமாக ஒரே இடத்தில், கோல் கம்பத்துக்குப் பின்னால் நிற்கிறேன். பகலில் ஒரு மொத்த வியாபாரத்துக்குக் கணக்கு எழுதுகிறேன். அதனால்தான் மாட்டுப்பட்டேன். எங்கள் கழக முதலாளியில் சனம் கொதித்துக்கொண்டிருந்த நேரம், பக்கத்தில் நிற்கிற கிழவர் கேட்டார்: "நீங்கள் கணக்கு வாசிக்கிற ஆள்தானே?" அன்றோடு போனது என் சனிக்கிழமைகள்.

முதல் வேலை, கடதாசி. ஊரில் வளர்ந்த எங்களுக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை: வீட்டில் யார் இருக்கிறார் என்பது வேறு, உறுதி யாருடைய பெயரில் என்பது வேறு. கழகத்துக்கும் அதுதான். கம்பனிகளைப் பதிகிற அரச நிறுவனமான கம்பனிஸ் ஹவுஸின் இணையத்தளத்தில் கழகத்தின் கம்பனிப் பெயரைப் போட்டால் எல்லாம் இலவசமாகவே வரும். தனியார் கம்பனி ஒன்று நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள் கணக்குக் காட்ட வேண்டும். பிந்தினால் அதுவும் அங்கேயே தெரியும். 25 சதவீதத்துக்கு மேல் பங்கு வைத்திருப்பவர் யார் என்று பாருங்கள். பிறகு, கம்பனியின் சொத்தில் யாருக்காவது ஈடு எழுதிக்கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். அதற்குப் பிறகு காணிப் பதிவகத்தில் 7 பவுண்ஸ் கட்டி மைதானத்தின் உறுதிப் பிரதியை எடுங்கள்.

நாங்கள் எடுத்த பிரதி நாலு பக்கம். என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஐந்து பேர் இருந்து வாசித்தோம். உரிமையாளர் என்ற இடத்தில் கழகத்தின் பெயர் இல்லை. வேறொரு கம்பனி. அதன் இயக்குநர் எங்கள் முதலாளியேதான். கழகம் தன் சொந்த மைதானத்துக்கே அவருக்கு வாடகை கட்டிக்கொண்டிருந்தது, அதுவும் நாலு வருசமாக. அந்த நாலு வருசமும் நாங்கள் பயிற்சியாளரைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

பெரி கழகத்தின் கதை தெரிந்தவர்களுக்கு இது புதிதில்லை. 1885-இல் தொடங்கி, இரண்டு தடவை எஃப்.ஏ. கிண்ணம் வென்ற கழகம் அது. 2018 டிசம்பரில் 1 பவுணுக்குக் கைமாறியது. கிக் லேன் மைதானம் அப்போதே ஈட்டில் இருந்தது. கார் தரிப்பிடத்தின் இடங்களைக்கூட முதலீடு என்று சொல்லித் தனித்தனியாக விற்றிருந்தார்கள். 2019 ஓகஸ்ட் 27-ஆம் திகதி லீக்கிலிருந்து வெளியேற்றப்பட்டது. ஈட்டுப் பத்திரமெல்லாம் யாரும் எடுத்துப் பார்க்கக்கூடியதாகத்தான் கிடந்தது.

கையில் கடதாசி வந்த பிறகு ஆக்களைச் சேருங்கள். வட்சப் குழு போதாது. ஆளுக்கொரு வாக்கு என்ற முறையில் ரசிகர் அறக்கட்டளை ஒன்றைப் பதிவு செய்யுங்கள். 1992-இல் நோர்தம்ரன் ரவுண் கழகத்தில் தொடங்கிய முறை இது. எக்ஸிற்றர் சிற்றியும் ஏ.எஃப்.சி. விம்பிள்டனும் இன்றைக்கும் இப்படிப்பட்ட ரசிகர் அமைப்புகளின் கையில்தான். பதிவு வேலையில் ரசிகர்களின் தேசிய அமைப்பான ஃபுட்போல் சப்போட்டர்ஸ் அசோசியேசனிடம் உதவி கேளுங்கள். இதில் நான் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. படிவம் நிரப்புவதுதான், அலுப்பான வேலை.

கவுன்சிலுக்குப் போகிற வேலை அப்படியில்லை, அதை வடிவாகச் செய்ய வேண்டும். 2011-இன் உள்ளூராட்சிச் சட்டப்படி மைதானத்தைச் 'சமூகப் பெறுமதியுள்ள சொத்து' என்று பதியச் சொல்லிக் கேட்கலாம். அறக்கட்டளை பதிவாக முன்பே, உள்ளூர் ஆக்கள் 21 பேர் சேர்ந்தாலே போதும். கவுன்சில் எட்டு வாரத்தில் முடிவு சொல்ல வேண்டும். பதிவாகிவிட்டால், உரிமையாளர் விற்க நினைக்கும்போது முதலில் அறிவிக்க வேண்டும். ஆறு வாரத்துக்குள் நாங்கள் வாங்கப் பார்க்கிறோம் என்று நீங்கள் கையை உயர்த்தினால் அறிவித்த நாளிலிருந்து ஆறு மாதம் அவர் பொதுவாக வெளியாருக்கு விற்க ஏலாது. உங்களுக்குத்தான் விற்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஆறு மாத அவகாசம், அவ்வளவுதான். எங்கள் முதல் விண்ணப்பம் திரும்பி வந்தது. பிழை என்னுடையது: எல்லையைக் காட்டும் வரைபடம் வைக்காமல் விலாசத்தை மட்டும் எழுதியிருந்தேன். இரண்டு மாதம் வீண்.

அடுத்தது எம்.பி. எல்லா எம்.பி.மாருக்கும் ஒரே கடிதத்தை அனுப்பாதீர்கள். உங்கள் தொகுதி எம்.பி.க்கு, உங்கள் விலாசத்தையும் தபால் குறியீட்டையும் போட்டு, உங்கள் சொந்த வார்த்தையில் எழுதுங்கள். தொகுதிக்காரர் இல்லாவிட்டால் வாசிக்கவே மாட்டார்கள். பிறகு அவர் சனத்தைச் சந்திக்கிற நாளில் நேரம் கேளுங்கள்.

நான் போனது நூலகத்தின் பின்னறை ஒன்றுக்கு. எனக்கு முன்னால் ஒரு அம்மா, சுவரெல்லாம் பூஞ்சணம் பிடித்த வீட்டின் படங்களோடு இருந்தார். அவருக்கு முன்னால் என் நீலக் கோப்பைப் பார்க்க எனக்கே கூச்சமாக இருந்தது. முப்பத்திநாலு பக்கம். எம்.பி. அதைத் திறக்கவில்லை. உதவியாளர் பிள்ளைதான் கேட்டாள்: "இதை ஒரு பக்கத்தில் தர ஏலுமா? என்ன செய்யவேண்டும் என்பதைக் கடைசி வரியில் போடுங்கள்." எந்தப் புத்தகமும் சொல்லித்தராத பாடம் அது. அடுத்த முறை ஒரு பக்கம்: மைதானம் யார் பெயரில், கணக்கு எத்தனை மாதம் பிந்தியது, எத்தனை பேருக்குச் சம்பளம் பாக்கி. கடைசி வரியில், அமைச்சருக்கு எழுத்துமூலக் கேள்வி ஒன்று போடுங்கள். மூன்று வாரத்தில் கேள்வி பாராளுமன்றப் பதிவில் ஏறியது. பதில் சப்பென்று இருந்தது, ஆனால் எங்கள் கழகத்தின் பெயர் அதில் இருந்தது. உள்ளூர்ப் பத்திரிகைக்கு அது போதும்.

கடிதத்தில் 'கள்ளன்' என்று எழுதாதீர்கள். மானநட்ட வழக்கு வந்தால் உங்கள் வீடும் சேர்ந்து போகும். 'கணக்கு ஒன்பது மாதம் பிந்தியுள்ளது' என்பதே போதிய வசை.

இனிப் பெட்டிசம். ஊரில் பெட்டிசம் போடுகிறவன் என்றால் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். இங்கே அது மரியாதையான தொழில். பாராளுமன்ற இணையத்தளத்தில் ஐந்து பேர் ஆதரித்தால் தொடங்கலாம். ஆறு மாதம் திறந்திருக்கும். 10,000 கையெழுத்துக்கு அரசு பதில் சொல்லும். 100,000 வந்தால் விவாதத்துக்கு எடுக்கலாமா என்று பார்ப்பார்கள். 'முதலாளியே வெளியேறு' என்று எழுதினால் நிராகரிப்பார்கள், அது அரசின் வேலை இல்லை. அரசு எதைச் செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். ஒரு சின்னக் கழகத்தின் ஆக்களால் மட்டும் 10,000-ஐத் தொட முடியாது. பக்கத்து ஊர்க் கழகத்திடமும் கேளுங்கள். நாங்கள் கேட்டோம். இருபது வருசமாக எங்களைக் கெட்ட வார்த்தையில் பாடுகிற ஆக்கள், ஒரு சொல் மறுக்காமல் கையெழுத்துப் போட்டார்கள். அடுத்த ஆட்டத்தில் வழமைபோலப் பாடினார்கள்.

மைதானத்தில் ஆர்ப்பாட்டம் செய்வதானால் பதாகை, ஒரே நேரத்தில் எழும்பிப் போவது, வாசலில் நிற்பது. பந்து, போத்தல் எறிவதும், திடலுக்குள் இறங்குவதும் 1991-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஜெர்மனியில் 2024-இல் டென்னிஸ் பந்து எறிந்தே லீக்கின் முதலீட்டுத் திட்டத்தைக் கைவிட வைத்தார்கள். அங்கே கழகங்களில் பெரும்பாலும் உறுப்பினர்களின் வாக்குத்தான் பெரும்பான்மை. பந்துக்குப் பின்னால் அந்தப் பலம் இருந்தது. எங்களிடம் பந்து மட்டும்தான்.

சட்டம் மாற எவ்வளவு காலம் எடுக்கும் என்று கேட்பீர்கள். பெரி வீழ்ந்தது 2019-இல். 2021 ஏப்ரலில் ஆறு ஆங்கிலக் கழகங்கள் பெரிய கழகங்கள் தங்களுக்கென்று தொடங்கிய ஐரோப்பிய சூப்பர் லீக்குக்கு ஓடப் பார்த்தன. அதே வருசம் நவம்பரில் முன்னாள் விளையாட்டு அமைச்சர் ட்ரேசி க்ரவுச்சின் ஆய்வறிக்கை. 2023 பெப்ரவரியில் அரசின் வெள்ளை அறிக்கை. 2024 மார்ச்சில் கழகங்களை ஒழுங்குபடுத்தும் மசோதா; தேர்தல் வந்தது, மசோதா செத்தது. ஒக்டோபரில் திரும்ப வந்து, 2025 ஜூலை 21-இல் சட்டமானது.

ஆறு வருசம் என்றாலும், இப்போது தட்டுவதற்கு ஒரு கதவு இருக்கிறது. ஆண்களுக்கான முதல் ஐந்து படிநிலைகளில் உள்ள 116 கழகங்களுக்குச் சுயாதீன ஒழுங்குமுறை ஆணையம் பொறுப்பு. மைதானத்தை விற்க அதன் அனுமதி வேண்டும். சின்னத்தையும் சொந்த மைதான ஜெர்சியின் நிறத்தையும் ரசிகர் பெரும்பான்மை இல்லாமல் மாற்ற ஏலாது. இருக்கிற முதலாளி தகுதியானவரா என்ற கவலைக்கு ஆதாரம் இருந்தால் அவரையும் சோதிக்கலாம். ஆதாரம் என்றால் அந்த மேசையில் இருந்த நாலு பக்கம் மாதிரி ஒன்று. பதாகையின் படம் இல்லை. ஐந்தாம் படிநிலைக்குக் கீழே இருந்தால் இந்தக் கதவு உங்களுக்கில்லை, எம்.பி.யும் கவுன்சிலும்தான்.

ஒன்று மறந்துவிட்டேன். கவுன்சில் பதிவு ஐந்து வருசத்துக்குத்தான், பிறகு திரும்பக் கேட்க வேண்டும். நாட்காட்டியில் குறித்துவையுங்கள். எங்களுடையது வரும் மார்ச்சில் முடிகிறது. புது வரைபடம் என் மேசையில் கிடக்கிறது. சிவப்புக் கோட்டை இந்தமுறை கார் தரிப்பிடத்தையும் சேர்த்துச் சுற்றிப் போட்டிருக்கிறேன்.